குப்பியும் பதிவேடும்: கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடத்தின் பணியொழுங்கும் கோபன்ஹேகன் தொடர்பும்

முன்னுரை

தமிழகத்திற்கும் டென்மார்க்கிற்கும் இடையிலான உறவை ஆராயும் கட்டுரைகள் பெரும்பாலும் 1620இல் தரங்கம்பாடியில் தொடங்கி, 1845இல் அவ்வூர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டதோடு நிறைவடைகின்றன. இருபதாம் நூற்றாண்டில் இவ்விரு நிலங்களுக்கிடையே மற்றோர் உறவு வளர்ந்தது. அது கோட்டையையும் அச்சகத்தையும் சார்ந்ததன்று. காசநோய்த் தடுப்பூசிக்கான உயிருள்ள நுண்ணுயிர் வளர்ப்பைச் சார்ந்தது. 1948இல் சென்னைக் கிண்டியில் நிறுவப்பெற்ற பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடம், கோபன்ஹேகனிலுள்ள ஸ்டேடன்ஸ் சீரம் நிறுவனம் பேணிவந்த டேனிய வித்தைக் கொண்டு தடுப்பூசி தயாரித்தது.

இத்தடுப்பூசித் திட்டத்தின் அரசியலையும் பன்னாட்டு உதவியையும் டேனிய வரலாற்றறிஞர் நீல்ஸ் பிரிம்னஸ் உள்ளிட்டோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயின் குப்பிகளை நிரப்பியவர்கள், வளர்ப்பை மாற்றியவர்கள், விலங்குகளைக் கண்காணித்தவர்கள் ஆகியோரின் பணி எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. திரவத் தடுப்பூசிக் காலத்தில் பாதுகாப்பிற்கான உறுதி, சோதனை முடிவைக் காட்டிலும் பணியாளர் ஒழுங்கிலேயே தங்கியிருந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இரு விபத்துகள் தந்த பாடம்

பொதுச் சுகாதார நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தின் நிருவாகம் தனியொரு சிக்கலாக உணரப்பட்டதற்கு இரு துயர நிகழ்வுகள் காரணமாயின. முதலாவது, 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் நிகழ்ந்தது. பம்பாயில் வால்டமார் ஹாஃப்கினின் ஆய்வுக்கூடம் தயாரித்த பிளேக் தடுப்பூசி அன்று 107 பேருக்கு இடப்பட்டது. ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் இழுப்புநோய் கண்டு இறந்தனர். பழி பம்பாய் ஆய்வுக்கூடத்தின்மேல் விழுந்தது. ஹாஃப்கின் பொறுப்பை இழந்தார். ஊசி இட்ட இடத்தில் தரையில் விழுந்த இடுக்கியைச் சரிவரத் தூய்மையாக்காமல் அப்புட்டியைத் திறக்கப் பயன்படுத்தியதே காரணம் என்னும் கருத்து பின்னர் வலுப்பெற்றது. ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் குரல்கொடுத்த பின்னரே, 1907இல் அவர்மீதான களங்கம் நீங்கியது.

இரண்டாவது, 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் நிகழ்ந்தது. பாரிசுப் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து பெற்ற பி.சி.ஜி. வளர்ப்பைக் கொண்டு அந்நகர மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் தடுப்பூசி மருந்து தயாரிக்கப்பட்டு, ஏறத்தாழ 250 குழந்தைகளுக்கு வாய்வழி அளிக்கப்பட்டது. அவர்களுள் 70க்கும் மேற்பட்டோர் காசநோயால் இறந்தனர். நோய்விளைக்கும் வீரியமிக்க காசநோய்க் கிருமியின் வளர்ப்பும் அதே ஆய்வுக்கூடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அது தடுப்பூசி வளர்ப்போடு கலந்துவிட்டது. தயாரித்த மருந்தை விலங்குகளில் சோதித்தறியும் முறையும் அங்குக் கைக்கொள்ளப்படவில்லை. 1932இல் முடிந்த வழக்கில் பேராசிரியர் டைக்கேவும் மருத்துவர் ஆல்ட்ஷ்டேட்டும் தண்டிக்கப்பட்டனர். மருந்தைக் கையால் தயாரித்த செவிலி விடுவிக்கப்பட்டார்.

அத்தீர்ப்பு பிழையைத் தனியொரு கையின் தவறாகக் கொள்ளவில்லை. அக்கை எந்த அறையில், எவற்றோடு, எவருடைய மேற்பார்வையில் பணியாற்றியது என நோக்கியது. முல்கோவாலில் பதிவும் சான்றும் போதாமையால் குற்றமற்றவர் பல்லாண்டு பழி சுமந்தார். லூபெக்கில் அறைப்பிரிப்பு இன்மையால் குழந்தைகள் மடிந்தனர். இவ்விரண்டின் பாடமும் பின்னர் எழுந்த ஒவ்வொரு பி.சி.ஜி. ஆய்வுக்கூடத்தின் அமைப்பிலும் பதிந்துள்ளது.

கோபன்ஹேகன்: வித்தைக் காத்தல்

ஸ்டேடன்ஸ் சீரம் நிறுவனம் 1902இல் கோபன்ஹேகனின் அமாகர் தீவில், தொண்டை அடைப்பான் நோய்க்கான சீரம் தயாரிக்கவே தொடங்கப்பெற்றது. தோர்வால்ட் மாட்சன் முப்பதாண்டுக்காலம் இயக்குநராக இருந்து அதனை உலக அரங்கிற்குக் கொண்டுசென்றார். நாட்டுக்கூட்டமைப்பின் உயிரியல் தரப்படுத்தல் பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. காசநோய்க் கிருமியை வளர்க்க உலகெங்கும் பயன்படும் லோவன்ஸ்டைன்-யென்சன் ஊடகத்தின் பெயரில் இரண்டாவதாக நிற்கும் கே. ஏ. யென்சன், இந்நிறுவனத்தின் அறிஞர்.

கால்மெட், கெரன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1908 முதல் 1921 வரை 230 முறை மறுவளர்ப்புச் செய்து பெற்றதே பி.சி.ஜி. ஆகும். அக்கிருமியை உயிரோடு வைத்திருக்க வேண்டுமாயின், சில வாரங்களுக்கு ஒருமுறை பழைய ஊடகத்திலிருந்து புதிய ஊடகத்திற்கு மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். வித்தினைப் பெற்ற நாடுகள் தத்தம் ஆய்வுக்கூடங்களில் இதனைத் தனித்தனியே செய்துவந்தமையால், காலப்போக்கில் டேனிய வித்து, பிரெஞ்சு வித்து எனக் கிளைகள் வேறுபட்டன. டேனிய வித்தின் பெயரோடு வழங்கும் 1331 என்னும் எண், அத்தகைய மாற்றங்களின் எண்ணிக்கையைக் குறிப்பதாகும். பொறுப்பேற்ற பணியாளர் ஒவ்வொரு முறையும் குடுவையைத் திறந்து, கலப்பு நேராமல் மூடி, பதிவேட்டில் குறித்ததன் தொகையே அவ்வெண். அறிவியல் உலகில் வித்தின் அடையாளமாக விளங்கும் அது, உண்மையில் ஓர் உழைப்புக் கணக்கு.

கிண்டியின் பின்புலம்

கிண்டியில் இத்தகைய பணிக்கு ஏற்ற களம் முன்னரே உருவாகியிருந்தது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரால் 1899இல் தொடங்கப்பெற்ற கிங் நிலையம், அம்மைப்பால் தயாரித்தலை முதற்பணியாகக் கொண்டிருந்தது. பின்னர் நீர்ச்சோதனை, நோய்க்கிருமிச் சோதனை எனப் பல துறைகளாக விரிந்தது. அதன் இயக்குநராயிருந்த சி. ஜி. பண்டிட் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார்.

டேனியத் தொடர்பும் இப்பகுதிக்குப் புதிதன்று. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையை வளர்த்தெடுத்தவர் டேனிய மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மோலர். அவருக்குப் பின் யோஹன்னஸ் ஃபிரிமோட்-மோலர் அங்குக் காசநோய் ஆய்வைத் தொடர்ந்தார். 1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. முதன்முதலாக இடப்பட்ட இடங்களுள் மதனப்பள்ளியும் ஒன்று. டேனிய, நார்வே, சுவீடன் தொண்டமைப்புகள் யூனிசெஃபுடன் இணைந்து நடத்திய பன்னாட்டுக் காசநோய் இயக்கத்திற்கு யோஹன்னஸ் ஹோம் என்னும் டேனியர் தலைமை வகித்தார். 1951 முதல் இந்தியாவில் தடுப்பூசி இயக்கம் நாடளாவியதாக விரிந்தபோது, அதன் மருந்துத் தேவையைக் கிண்டி சுமந்தது.

சோதனைக்கு முந்திய ஊசி

திரவ பி.சி.ஜி.யின் இயல்பில் ஒரு முரண் இருந்தது. குளிரிலும் இருளிலும் வைத்துக் காத்தாலும் அதன் ஆயுள் சில வாரங்களே. கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, வீரியமிக்க கிருமி கலந்துள்ளதா என்று அறியும் சோதனைக்கு ஆறு வாரங்களேனும் தேவை. ஊசியிலுள்ள உயிருள்ள கிருமிகளை எண்ணி அறியவும் ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். பிற கிருமிகள் கலந்துள்ளனவா என்னும் சோதனை மட்டுமே சில நாட்களில் முடிவு தரும். ஆகவே முழுச் சோதனையின் முடிவு வருமுன்னரே குப்பி ஊரைச் சென்றடைந்து, குழந்தையின் கையில் ஊசி ஏறியிருக்கும்.

இந்நிலையில் பாதுகாப்பிற்கு முன்கூட்டியே உறுதிதரக் கூடியது பணியொழுங்கு ஒன்றே. பி.சி.ஜி.க்கெனத் தனிக் கட்டடம். அதனுள் வேறெந்தக் காசநோய்க் கிருமியும் புகாமை. வீரியமிக்க கிருமிகளைக் கையாளுவோர் அங்குப் பணிபுரியாமை. பணியாளர் காசநோயற்றவர் என்பதைக் காலமுறைப்படி மார்பு எக்ஸ்-ரே வழி உறுதிசெய்தல். ஒவ்வொரு தொகுதிக்கும் தனிப் பதிவு ஆகியவை இவ்வொழுங்கின் கூறுகள். பிற்காலத்தில் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த பி.சி.ஜி. நெறிமுறைகளிலும் இவை நிலைபெற்றன. காசநோய் வீடுதோறும் அறியப்பட்டிருந்த ஒரு நகரில், எக்ஸ்-ரே படலத்தில் தோன்றும் நிழல் ஒரு பணியாளரை அக்கட்டடத்தின் வாயிலில் நிறுத்திவிடும். பொதுமக்களின் பாதுகாப்பிற்காக வகுத்த அவ்விதியின் சுமை, முதலில் பணியாளரின் வாழ்விலேயே இறங்கியது என்பது கருதத்தக்கது.

1955இல் சி. ராஜகோபாலாச்சாரி பி.சி.ஜி. இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்துச் சிறுநூல் வெளியிட்டதையும் இப்பின்னணியில் மீண்டும் நோக்கலாம். உயிருள்ள கிருமியை நலமுள்ள குழந்தைகளின் உடலில் பெருந்திரளாகச் செலுத்துவதன் பாதுகாப்பையும் பயனையும், பெற்றோரின் இசைவையும் அவர் வினவினார். நடுவண் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் இயக்கத்தின் பக்கம் உறுதியாக நின்றார். இவ்விவாதம் அறிவியலுக்கும் அறியாமைக்கும் இடையிலான மோதலாகச் சில வேளைகளில் சித்திரிக்கப்படுகிறது. திரவத் தடுப்பூசியின் சோதனைக்கால முரணை அறிந்தால், பாதுகாப்பு குறித்த வினா வெற்று அச்சத்தில் பிறந்ததன்று என்பது விளங்கும். அவ்வினாவிற்கு நேரடி விடை கிண்டியின் பதிவேடுகளில் இருந்தது. பொதுவெளியிலோ நிபுணர்களின் அதிகாரமே முன்னின்றது.

உறைஉலர் காலமும் பின்னரும்

உறைஉலர் தடுப்பூசி வந்தபின் இம்முரண் நீங்கியது. நெடுநாள் வைத்திருக்கத்தக்க தொகுதியை, எல்லாச் சோதனைகளும் முடியும்வரை நிறுத்திவைக்க இயன்றது. வித்தும் விதைத்தொகுதியாக உறைநிலையில் சேமிக்கப்பட்டது. முடிவற்ற மறுவளர்ப்புச் சங்கிலி நின்றது. உறுதியின் மையம் பணியாளர் கையிலிருந்து சோதனை மேசைக்கு நகர்ந்தது எனலாம்.

1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில், தொடங்கிய பெருங்கள ஆய்வில் டேனிய, பிரெஞ்சு வித்துகள் இரண்டும் பயன்படுத்தப்பட்டன. ஏறத்தாழ 2,80,000 பேர் தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ பெற்றனர். நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பு புலப்படவில்லை என்று ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து வெளியான முடிவு உலகையே வியப்பில் ஆழ்த்தியது. அம்முடிவைத் தாங்கி நின்றவை ஆயிரக்கணக்கான சளி மாதிரிகளின் வளர்ப்பும் நுண்ணோக்கி வாசிப்பும் ஆகும். சிறு குழந்தைகளைத் தாக்கும் கடுங்காசநோய் வகைகளுக்கு எதிராகப் பி.சி.ஜி. இன்றும் பிறந்த குழந்தைகளுக்கு இடப்படுகிறது.

2008 ஜனவரியில், நல்லுற்பத்தி நடைமுறைகளுக்கு இணங்கவில்லை என்னும் காரணத்தால் கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமங்களும் நிறுத்திவைக்கப்பட்டன. 2010இல் அத்தடை நீக்கப்பட்டது. கோபன்ஹேகனிலும் மாற்றம் நிகழ்ந்தது: 2017இல் ஸ்டேடன்ஸ் சீரம் நிறுவனத்தின் தடுப்பூசி உற்பத்திப் பிரிவு தனியார் நிறுவனத்தின் கைக்கு மாறியது, சோதனை, நோய்க்கண்காணிப்புப் பணிகள் அரசிடம் எஞ்சின. கிண்டியில் கட்டடமும் ஆவணமும் காலத்திற்கேற்பப் புதுக்கப்படாமை தடையாயிற்று. கோபன்ஹேகனில் உற்பத்தியே அரசின் கடமையாகக் கருதப்படாமற்போயிற்று. காரணங்கள் வேறாயினும், தலைமுறைகளாகக் கையிலிருந்து கைக்குச் சென்ற பணியறிவு ஒரு நிருவாக ஆணையால் துண்டிக்கப்படலாம் என்பதை இரண்டும் உணர்த்துகின்றன.

முடிவுரை

இயக்குநர்களின் வாழ்க்கை வரலாறுகளும் குழு அறிக்கைகளும் நமக்குக் கிடைக்கின்றன. வளர்ப்பு மாற்றப் பதிவேடுகள், விலங்குக்கூடக் குறிப்புகள், பணியாளர் எக்ஸ்-ரே ஏடுகள், தொகுதி அனுப்பீட்டுக் கணக்குகள் முதலியன வரலாற்று ஆவணங்களாகத் தொகுக்கப்படுதல் வேண்டும். பழைய கட்டடங்கள் கைவிடப்படும்போது முதலில் பழைய தாள் விலைக்குப் போவன இவையே. கிண்டியில் பணியாற்றி ஓய்வுபெற்ற நுட்பர்கள், விலங்குக் காப்பாளர்கள் ஆகியோரின் வாய்மொழி வரலாறும் காலந்தாழ்த்தாது பதியப்பட வேண்டும்.

இப்பணியின் மறுபாதி டேனிய மொழியில் உள்ளது. 1980கள் முதல் டென்மார்க்கில் குடியேறிய ஈழத்தமிழரின் பிள்ளைகள் இன்று இருமொழியும் அறிந்த தலைமுறையாக வளர்ந்துள்ளனர். கோபன்ஹேகனின் மேற்குப் புறநகரான புரொண்பியிலிருந்து அமாகருக்குச் செல்லும் தொலைவு சிறிது. அங்குள்ள ஆவணங்களையும் கிண்டிப் பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் படிக்கத் தக்கவர் இத்தலைமுறையினரே. தரங்கம்பாடிக்குப் பிந்திய டேனிய-தமிழ் வரலாற்றை இவ்வாறு எழுதுவோமாயின், அதில் பெயரறியா ஆய்வுக்கூடப் பணியாளர்களுக்கும் உரிய இடம் கிட்டும்.