சிம்பியனிலிருந்து வெளியேறியவர்கள்: திறன்பேசித் தளமாற்றத்தின் வரலாறு

திறன்பேசியின் வன்பொருளை இயக்கி, செயலிகள் ஓடுவதற்கு இடமளிக்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படுகிறது. சீனாவில் ஹுவாவே நிறுவனம் வளர்த்துவரும் ஹார்மனி தளத்தை விலக்கிப் பார்த்தால், இன்று உலகில் விற்பனையாகும் திறன்பேசிகள் ஏறக்குறைய அனைத்தும் கூகுளின் ஆண்ட்ராய்டு, ஆப்பிளின் ஐஓஎஸ் ஆகிய இரண்டு தளங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர் சிறுபான்மையினரே. ஆயினும் 2007 முதல் 2013 வரையிலான குறுகிய காலத்தில், அன்று முதலிடத்தில் இருந்த சிம்பியன் தளத்தைக் கோடிக்கணக்கானோர் கைவிட்டுப் போயினர். அந்தப் பெரும் வெளியேற்றம் எளிதில் நடந்ததற்கும், அதன்பின் அதுபோன்ற ஒன்று நடக்காததற்கும் காரணம் ஒன்றே. ஒருவர் வெளியேறும்போது எவற்றை இழக்க நேரிடுகிறதோ, அவற்றின் அளவே ஒரு தளம் அவர்மீது கொண்டுள்ள பிடியின் அளவாகும்.

கைப்பேசியின் தொடக்க காலத்தில் இந்தப் பிடி மிகவும் தளர்வாக இருந்தது. 1990களின் கைப்பேசியில் உரிமையாளருக்குரியதாக இருந்தவை தொடர்பு எண்களும் சில குறுஞ்செய்திகளும் மட்டுமே. அந்த எண்களும் சிம் அட்டையிலேயே பதிந்திருந்ததால், அட்டையைக் கழற்றி வேறு கருவியில் பொருத்தினால் அவை உடன் சென்றன. தொடர்பு விவரங்களை எந்தக் கருவியும் படிக்கக்கூடிய ஒரே வடிவில் எழுதிவைக்கும் விகார்டு என்னும் பொது வடிவத்தை ஆப்பிள், ஏடி அண்டு டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகிய நிறுவனங்களின் கூட்டமைப்பு 1990களின் நடுப்பகுதியில் உருவாக்கியது. பல கருவிகளில் உள்ள முகவரி ஏட்டையும் நாட்குறிப்பையும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கச் செய்யும் சிங்க்எம்எல் என்னும் நெறிமுறையை 2000இல் நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா, ஐபிஎம் உள்ளிட்ட நிறுவனங்கள் கூடி வகுத்தன. போட்டியாளர்களே ஒன்றுகூடி, தம் வாடிக்கையாளர் எளிதில் வெளியேறுவதற்கான வழியை அமைத்துத் தந்த காலம் அது.

சிம்பியன் அந்தச் சூழலில் பிறந்தது. கையடக்கக் கணினிகளைத் தயாரித்துவந்த சயான் என்னும் பிரித்தானிய நிறுவனத்தின் ஈபாக் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு, நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா ஆகியவற்றின் பங்கேற்புடன் 1998இல் சிம்பியன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2002இல் வெளிவந்த நோக்கியா 7650, 2007இல் வெளிவந்த என்95 முதலிய கருவிகள் ஒளிப்படம், இசை, இணையம், இடங்காட்டி எனப் பலவற்றை ஒரே கைக்குள் கொண்டுவந்தன. 2007ஆம் ஆண்டில் உலகெங்கும் விற்ற திறன்பேசிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் சிம்பியனில் இயங்கியவை. இந்த எழுச்சியோடு தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொடங்கிய தொழிற்சாலை, திறன்பேசி வகையைச் சேராத எளிய கைப்பேசிகளையே பெரிதும் தயாரித்தது என்றாலும், அந்நிறுவனத்தின் உலகளாவிய உற்பத்தியில் முக்கிய இடம் பெற்று, சுற்றுவட்டாரத்து இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், ஆயிரக்கணக்கில் வேலை பெறும் இடமாக வளர்ந்தது.

2007 ஜூனில் ஐபோன் விற்பனைக்கு வந்தபோதும், 2008 அக்டோபரில் ஆண்ட்ராய்டில் இயங்கும் முதல் கைப்பேசி அமெரிக்கச் சந்தையை அடைந்தபோதும், சிம்பியன் பயனரைத் தடுத்து நிறுத்தும் பொருள் அவரிடம் ஏதும் இல்லை. சிம்பியனுக்குச் செயலிகள் இருந்தன. ஆனால் அவை பல இணையதளங்களில் சிதறிக் கிடந்தன, சான்றிதழ்க் கையொப்பமின்றிப் பலவற்றை நிறுவ இயலவில்லை, ஒரு நோக்கியாவில் ஓடியது இன்னொரு நோக்கியாவில் ஓடும் என்ற உறுதியும் இல்லை. நோக்கியா தன் ஓவி கடையைத் திறந்தது 2009 மே மாதத்தில்தான்; அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே, 2008 ஜூலையில், ஐந்நூறு அளவிலான செயலிகளுடன் ஆப்பிளின் செயலிக் கடை திறக்கப்பட்டுவிட்டது. ஆகவே சிம்பியன் பயனர் பலருக்குத் தளமாற்றம் என்பது தொடர்பு எண்களைக் கணினி வழியாகவோ புளூடூத் வழியாகவோ புதிய கருவிக்கு அனுப்புவதோடு முடிந்தது. 2010இல் சிம்பியனின் பங்கு 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

அடுத்த நிகழ்வில் பயனருக்கு முன்பாக நிறுவனமே தளம் மாறியது. 2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்து நோக்கியாவின் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற ஸ்டீபன் எலாப், 2011 பிப்ரவரி 11 அன்று, நோக்கியாவின் திறன்பேசிகள் இனி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் தளத்தையே முதன்மையாகக் கொள்ளும் என அறிவித்தார். இந்த அறிவிப்பு பயனரைவிட மென்பொருள் எழுதுவோரையே கடுமையாகப் பாதித்தது. க்யூடி என்னும் நிரலாக்கச் சட்டகத்தை உருவாக்கிய டிரோல்டெக் நிறுவனத்தை 2008இல் விலைக்கு வாங்கியிருந்த நோக்கியா, அந்தச் சட்டகத்தில் எழுதப்படும் செயலி சிம்பியனிலும் ஓடும், பின்னர் வரவிருந்த மீகோ தளத்திலும் ஓடும் என்று சொல்லி நிரலாளர்களை அதன்பக்கம் ஈர்த்துவந்தது. பழைய தளத்திலிருந்து புதியதற்குச் செயலிகளைக் கொண்டுசெல்ல அமைக்கப்பட்ட பாலம் அது. விண்டோஸ் போனில் க்யூடிக்கு இடமில்லாததால், சிம்பியனுக்காக எழுதப்பட்ட எந்தச் செயலியும் புதிய தளத்துக்குச் செல்ல வழியின்றிப் போயிற்று. செயலிகளை மீண்டும் முதலிலிருந்து எழுதியே ஆகவேண்டும் என்ற நிலையில், நிரலாளர்கள் அதிக வாடிக்கையாளர் இருந்த ஐஓஎஸையும் ஆண்ட்ராய்டையும் தேர்ந்துகொண்டனர். தனக்குப் பிடித்த செயலி இருக்கும் இடத்தைத் தேடிய பயனரும் அவர்களைப் பின்தொடர்ந்தார்.

விண்டோஸ் போனை நம்பி மாறியவர்களுக்கும் நிலையான இடம் கிடைக்கவில்லை. 2011இன் இறுதியில் வந்த நோக்கியாவின் முதல் லூமியா கருவிகள் விண்டோஸ் போன் 7இல் இயங்கின. 2012இல் அறிமுகமான விண்டோஸ் போன் 8 வேறுபட்ட உட்கருவைக் கொண்டிருந்ததால், வாங்கி ஓராண்டுகூட ஆகாத அந்தக் கருவிகளால் அதற்கு மேம்பட இயலவில்லை. 2013 செப்டம்பரில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்க ஒப்பந்தமாகி, 2014 ஏப்ரலில் கைமாற்றம் நிறைவேறியது. உலகத் திறன்பேசிச் சந்தையில் விண்டோஸ் போன் எந்த ஆண்டிலும் நான்கு விழுக்காட்டை எட்டவில்லை. 2019இன் தொடக்கத்தில், தன் கைப்பேசித் தளத்துக்கான ஆதரவு முடிவுறப்போவதை விளக்கிய மைக்ரோசாஃப்ட், எஞ்சியிருந்த வாடிக்கையாளர்களை ஆண்ட்ராய்டுக்கோ ஐஓஎஸுக்கோ மாறிக்கொள்ளும்படி வெளிப்படையாகவே பரிந்துரைத்தது. ஒரு தளத்தின் உரிமையாளரே தன் போட்டியாளர்களை நோக்கிக் கைகாட்டியது இத்துறையின் வரலாற்றில் அரிய நிகழ்வாகும்.

சிம்பியன் கற்றுக்கொள்ளாத பாடத்தை முதலில் செயற்படுத்தியது பிளாக்பெர்ரி. 2005இல் அது தொடங்கிய பிபிஎம் என்னும் செய்திச் சேவை, ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனிக் குறியீட்டை முகவரியாகக் கொண்டு, பிளாக்பெர்ரி வைத்திருப்போருக்குள் மட்டுமே இயங்கியது. நண்பர் வட்டம் முழுவதும் அதில் இருக்கையில் ஒருவர் மட்டும் வேறு தளத்துக்கு மாறினால், அவர் இழப்பது கருவியை அன்று, அந்த வட்டத்தை. 2009இல் தோன்றிய வாட்ஸ்அப் இதற்கு எதிரான வழியில் சென்றது. அது பயனரின் கைப்பேசி எண்ணையே முகவரியாக எடுத்துக்கொண்டு, ஐபோன், பிளாக்பெர்ரி, சிம்பியன், ஆண்ட்ராய்டு என எல்லாத் தளங்களிலும் இயங்கியது. எண்ணோ ஏற்கெனவே நிறுவனங்களின் பிடியிலிருந்து விடுபட்டுக்கொண்டிருந்தது. கைப்பேசிச் சேவை நிறுவனத்தை மாற்றினாலும் எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளும் வசதி இந்தியாவில் 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. பிளாக்பெர்ரி தன் பிபிஎம் சேவையைப் பிற தளங்களுக்குத் திறந்தது 2013 அக்டோபரில். அதற்குள் உரையாடல்கள் வேறிடம் போய்விட்டிருந்தன.

ஆப்பிள் 2011 அக்டோபரில் தொடங்கிய ஐமெசேஜ், பிபிஎம்மின் வழியை மேலும் நுட்பமாகக் கையாண்டது. ஒரே செயலியில், எதிர்முனையில் இருப்பதும் ஐபோனாக இருந்தால் செய்தி இணையம் வழியாக நீல நிறத்திலும், இல்லையேல் சாதாரணக் குறுஞ்செய்தியாகப் பச்சை நிறத்திலும் சென்றது. ஐபோனைக் கைவிட்டு ஆண்ட்ராய்டுக்குச் சென்றவர்களின் எண் ஆப்பிளின் பதிவேட்டில் நீங்காமல் இருந்ததால், ஐபோன் நண்பர்கள் அனுப்பிய செய்திகள் அவர்களைச் சேராமல் மறைந்தன. இதன்பொருட்டு அமெரிக்காவில் வழக்குகள் தொடரப்பட்ட பின், 2014 நவம்பரில், எண்ணைப் பதிவேட்டிலிருந்து நீக்கிக்கொள்ளும் இணையவழி வசதியை ஆப்பிள் அளித்தது. ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் வழங்கினால் ஐபோன் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு கைப்பேசி வாங்கித் தருவதற்கு இருந்த தடை நீங்கிவிடும் என அந்நிறுவனத்தின் உயர் அதிகாரிகள் உள்மடல்களில் எண்ணியதும், எபிக் கேம்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கின்போது 2021இல் வெளிவந்தது.

தமிழில் எழுதுவோருக்குத் தளமாற்றத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமாகி, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுத வழிசெய்தது. திறன்பேசிகள் பரவியபோது ஒவ்வொரு தளமும் தமிழ் எழுத்துருவையும் விசைப்பலகையையும் வெவ்வேறு காலத்தில் ஏற்றுக்கொண்டதால், ஒரு கருவியில் தடையின்றி எழுதியவர் மற்றொன்றில் எழுத இயலாமல் தவிக்க நேர்ந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகைகளைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தபின், அந்தத் தளத்துக்கு மாறுவோருக்கு இருந்த தடைகளில் ஒன்று நீங்கியது.

2010களின் நடுவில் புதிய வாடிக்கையாளர் குறைந்து, போட்டித் தளத்தின் வாடிக்கையாளரையே கவரவேண்டிய நிலை உருவானதும், நிறுவனங்களே மாற்றக் கருவிகளை வெளியிட்டன. 2015 செப்டம்பரில் ஆப்பிள், ஆண்ட்ராய்டிலிருந்து தொடர்புகள், செய்திகள், படங்கள் முதலியவற்றை ஐபோனுக்கு நகர்த்தும் செயலியைக் கூகுளின் கடையிலேயே வெளியிட்டது. எதிர்த்திசையில் கூகுளின் செயலி 2022இல் ஐபோனுக்கு வந்தது. இரண்டும் உட்புறமாக மட்டுமே திறக்கும் கதவுகள்: தன்னிடம் வருவோருக்கு ஒவ்வொரு நிறுவனமும் உதவியதே தவிர, தன்னைவிட்டுப் போவோருக்கு உதவவில்லை. எல்லாத் தளங்களுக்கும் பொதுவான வாட்ஸ்அப்பும் இதற்கு விலக்கன்று. அதன் உரையாடல் காப்புப்படி ஐபோனில் ஆப்பிளின் மேகச் சேமிப்பிலும் ஆண்ட்ராய்டில் கூகுளின் சேமிப்பிலும் தனித்தனியாக இருந்தமையால், எண் மாறாவிட்டாலும் பழைய உரையாடல்கள் எல்லை தாண்ட முடியவில்லை. ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு அவற்றைக் கொண்டுசெல்லும் வழி 2021இலும், மறுதிசைக்கான வழி 2022இலும்தான் கிடைத்தன. காசு கொடுத்து வாங்கிய செயலிகள் மட்டும் இன்றளவும் கடை மாறுவதில்லை. புதிய தளத்தில் அவற்றை மீண்டும் வாங்கவேண்டும்.

தொடக்கத்தில் போட்டியாளர்கள் தாமாக முன்வந்து செய்ததைப் பின்னாளில் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைகள் சட்டம், சந்தையின் வாயிற்காவலர்கள் என அது வரையறுக்கும் பெருநிறுவனங்கள் பயனரின் தரவைக் கொண்டுசெல்ல வழிசெய்யவேண்டும் என்னும் கடமையை 2024 மார்ச் 7 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே மாதம் 21 அன்று அமெரிக்க நீதித்துறை, பயனர் வெளியேறுவதைக் கடினமாக்கித் தன் ஆதிக்கத்தை ஆப்பிள் காத்துக்கொள்கிறது எனக் குற்றம்சாட்டி வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வழியாக, குறுஞ்செய்தியின் மேம்பட்ட பொது வடிவமான ஆர்சிஎஸ்ஸை ஆப்பிள் ஏற்றபோது, இரு தளங்களுக்கும் இடையிலான படங்களும் குழு உரையாடல்களும் ஓரளவு சீராயின. நிறவேறுபாடு மட்டும் அப்படியே நிலைத்தது.

ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை இந்த வரலாற்றின் நடுவே சிக்கிக்கொண்டது. தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகச் செலுத்திய தொகைகளின்மீது 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானவரித் துறை கோரியதால் அதன் சொத்துகள் முடக்கப்பட்டு, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய சொத்துகளில் அது சேரவில்லை. மைக்ரோசாஃப்ட் அங்கிருந்து கைப்பேசி வாங்குவதை நிறுத்தியதும், 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. மூடிக்கிடந்த அந்த வளாகத்தை ஆப்பிளுக்கு மின்னேற்றிகள் வழங்கும் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொள்வதாக 2019இல் நடுவண் அரசு அறிவித்தது. தளம் மாறிய பயனர் தொடர்பு எண்களையாவது உடன் எடுத்துச்சென்றார். அந்தத் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர்கள் விருப்ப ஓய்வுத் தொகையோடு வெளியேறினர். வாடிக்கையாளருக்கு அவர் சேர்த்ததை எடுத்துச்செல்லும் உரிமையைப் பெற்றுத்தரச் சட்டங்கள் இப்போது முயல்கின்றன. நிறுவனங்களின் தளமாற்றத்தால் வேலை இழப்போருக்கு அதற்கு இணையான உரிமை எந்தச் சட்டத்திலும் இன்னும் எழுதப்படவில்லை.