மின்சுற்றுப்படக் குறிகளும் தமிழ்க் கலைச்சொற்களும்

மின்சுற்றுப்படம் பொறியியலார்க்கே உரியது, அதனை ஆராய்தல் தமிழ் பயில்வார்க்கு ஏலாத தொழில் என்று கருதுவோர் பலர். ஆயினும், எழுதப்பட்ட குறியைக் கண்டு அதன் பொருளைக் கொள்ளுதல் மொழியாராய்ச்சியின் பாற்படுவதே ஆகும். ஏட்டெழுத்தும் கல்லெழுத்தும் படிக்கப் பழகிய நமக்கு இத்துறை முற்றிலும் புதிதன்று.

சேலம் மாவட்டத்தில் ஆத்தூரை அடுத்துள்ள கெங்கவல்லி வட்டாரம், மரவள்ளியும் பாக்கும் விளையும் நிலம். அங்குக் கிணற்றடி மோட்டார்க் கொட்டகையில் உள்ள ‘ஸ்டார்ட்டர்’ பெட்டியைத் திறந்தால், மூடியின் உட்புறத்தே சிறு சுற்றுப்படம் ஒன்று ஒட்டியிருத்தலைப் பல இடங்களிற் காணலாம். ‘பியூஸ் கட்டை’, ‘பேஸ்’, ‘எர்த்து’ ஆகியவற்றை உழவர் கையால் அறிவர், பெயராலும் அறிவர். ஆனால், கையறிந்த பொருளுக்கும் படத்திலுள்ள கோட்டுக்கும் இடையே தொடர்பு காட்டுவார் அரியர். இக்குறைக்குக் கலைச்சொல் வரலாற்றில் ஒரு காரணம் உண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சேலத்துத் தொடக்கம்

அறிவியற் கலைச்சொல் முயற்சி சங்க வடிவு பெற்ற தொடக்க இடங்களுள் சேலம் தலையாயது. 1916ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் அந்நகரில் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவினர். பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1932இல். மேட்டூரில் மின்னாக்கம் தொடங்கியது 1937இல். எனவே, அம்மாவட்டத்தில் மின்னாக்கம் தொடங்குவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே சொல்லுக்கான கவலை அங்குத் தோன்றிவிட்டது.

பின்னர், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதியை வெளியிட்டது. 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடசொற்களுக்கும் ஆங்கிலச் சொற்களுக்கும் சார்பானது என்று தமிழறிஞர் எதிர்த்தனர். இப்போராட்டத்தின் பயனாகவே மின்னோட்டம், மின்தடை, மின்தேக்கி போன்ற நல்ல சொற்கள் பாடநூல்களில் நிலைபெற்றன. ஆனால், வழக்கு முழுவதும் சொல்லைப் பற்றியதாகவே அமைந்தது. ஆங்கிலச் சொல் ஒருபுறம், தமிழ்ச்சொல் மறுபுறம் என்னும் இருநிரை அமைப்பே கலைச்சொல் தொகுதிகளின் பொது வடிவமாயிற்று. மூன்றாம் நிரையாகக் குறியும் இடம்பெற வேண்டும் என்னும் எண்ணம் எழவில்லை.

சொற்குறியும் பொருட்குறியும்

குறி தமிழர்க்குப் புதிதோ எனின், அன்று. நாள் ௳, மாதம் ௴, ஆண்டு ௵, பற்று ௶, வரவு ௷ எனப் பழைய கணக்கேடுகள் குறிகளால் நிறைந்தவை. இவை பெரும்பாலும் சொல்லின் எழுத்துகள் சுருங்கி அமைந்தவை. ஆதலின் இவற்றைச் சொற்குறி எனலாம். சொல் எம்மொழியினதோ, குறியும் அம்மொழியினதே.

சுற்றுப்படக் குறிகளோ பொருளின் உருவம் சுருங்கியவை. 1800இல் வோல்ட்டா, உப்புநீரில் தோய்த்த துணியை இடையிட்டு இருவகை உலோகத் தகடுகளை அடுக்கி மின்கல அடுக்கினை அமைத்தார். அத்தகடுகளைப் பக்கவாட்டில் நோக்கினாற்போல் நெடுங்கோடும் குறுங்கோடும் இணையாக நிற்பது மின்கலத்தின் குறி. நெடுங்கோடு நேர்முனை, குறுங்கோடு எதிர்முனை. ஒத்த நீளமுடைய இரு கோடுகள் இடைவெளியுடன் நிற்பின் அது மின்தேக்கி. இரு தகடுகளுக்கிடையே மின்னூட்டம் தங்குதலைக் காட்டுவது. வளைந்து வளைந்து செல்லும் முறிகோடு மின்தடை. நீண்ட கம்பியை மடக்கி வைத்த வடிவம். இன்று பன்னாட்டு முறையில் அதற்கு நீள்சதுரமும் வழங்கும். வரவரக் குறுகும் மூன்று கிடைக்கோடுகள் புவி இணைப்பு. வட்டத்துள் பெருக்கற்குறி விளக்கு. இவற்றைப் பொருட்குறி எனலாம். இவை எம்மொழிச் சொல்லிலிருந்தும் பிறவாமையின் எல்லா மொழியினர்க்கும் பொது.

இவ்வேறுபாடு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. தமிழ்நாட்டார் மின்தேக்கி என்பதனை ஈழத்தார் கொள்ளளவி என்பர். நாம் ‘சுவிட்சு’ என்று பேச்சில் வழங்குவதனை அவர் ஆளி என்பர். சொல் வேறுபடினும் இரு நாட்டு மாணவர் வரையும் கோடு ஒன்றே. குறியையும் அருகில் வைத்துச் சொற்களைத் தொகுத்திருப்பின், இவ்விரு வழக்குகளும் ஒன்றையொன்று எளிதில் அறிந்திருக்கும்.

புள்ளியின் ஆற்றல்

சுற்றுப்படத்தைப் படிப்பதற்கு முறை உண்டு. மின்மூலத்தின் ஒரு முனையில் தொடங்கிக் கோட்டின் வழியே சென்று, மறுமுனைக்கு மீளுதல் வேண்டும். மீளாத வழி சுற்று ஆகாது. செல்லும் வழி ஒன்றாயின் தொடர் இணைப்பு. பிரிந்து மீண்டும் கூடின் பக்க இணைப்பு. படத்தில் ஒரு பொருள் நிற்கும் இடம், கொட்டகையில் அது நிற்கும் இடத்தைக் காட்டுவதன்று. இணைப்பின் முறையையே காட்டும்.

இரு கோடுகள் ஒன்றையொன்று கடக்குமிடத்துப் புள்ளி இருப்பின் அவை இணைந்தவை. இல்லையேல் இணையாது கடந்து செல்பவை என்பது பொது வழக்கு. தமிழ் மாணவர்க்கு இவ்விடத்து வியப்பொன்று உண்டு. மெய்யெழுத்தைப் புள்ளியால் உயிர்மெய்யினின்று பிரித்துக் காட்டுதல் தொல்காப்பியர் காலந்தொட்ட மரபு. ஆனால், ஓலை கிழியும் என்று அஞ்சி ஏடெழுதுவோர் புள்ளியை விடுத்தனர். படிப்பவர் சொல்லும் பொருளும் யாப்பும் துணையாகக் கொண்டு விடுபட்ட புள்ளியை மனத்தால் இட்டுப் படித்தனர். சில இடங்களிற் பிழைபட்டுப் பாடவேறுபாடுகளும் தோன்றின. சுற்றுப்படத்தில் அத்தகைய துணை பெரும்பாலும் இல்லை. ஏட்டில் நேர்ந்த பிழை பதிப்பாசிரியரால் திருந்தும். கம்பியில் நேர்ந்த பிழை உயிரைக் கொள்ளும்.

இதற்குச் சான்றாக இரண்டு சொற்களைக் காட்டலாம். பேச்சு வழக்கில் ‘நியூட்ரல்’, ‘எர்த்து’ எனப்படுவன படத்தில் வெவ்வேறு கோடுகள். முன்னது மின்னோட்டம் நாள்தோறும் மீளும் வழி. பின்னது பழுது நேர்ந்தபோது மட்டும் மின்னோட்டம் நிலத்துக்குச் செல்லும் வழி. இரண்டும் ஒன்றெனக் கருதி மோட்டாரின் இரும்புக்கூட்டை நியூட்ரலோடு இணைத்துவிடின், அக்கம்பி அறுந்தபொழுது கூட்டில் மின் ஏறும். ஈரக்காலுடன் அதனைத் தொடுவார்க்கு இறுதி நேரும். நடுநிலைக் கம்பி, புவி இணைப்பு என்னும் தமிழ்ச்சொற்கள் தத்தம் தொழிலை ஓரளவு உணர்த்துகின்றன. எனினும் அவை பாடநூலில் நின்றுவிட்டன. குறி பெட்டி மூடியில் நின்றுவிட்டது. கிணற்றடியில் வழங்குவது மூன்றாவதான ஒலிபெயர்ப்பு. மூன்றும் ஓரிடத்திற் கூடவில்லை.

முடிவு

பொருட்குறி எல்லார்க்கும் பொதுவாயினும், அதனைப் படிப்பவன் தன் மொழியிலேயே படிக்கிறான். ‘உருகி’ என்று பெயர் கூறியவுடன், மிகை மின்னோட்டத்தால் உருகிச் சுற்றை அறுப்பது அதன் தொழில் என்பது விளங்கும். பெயரறியாதான் குறியை மனப்பாடம் செய்வான், படித்தவன் ஆகான். ஆகவே, இனித் தொகுக்கும் மின்னியற் கலைச்சொல் அகராதி ஒவ்வொன்றிலும் குறி, தமிழ்நாட்டுச் சொல், ஈழத்துச் சொல், உழவரும் மின்பணியாளரும் வழங்கும் சொல் என நான்கு நிரைகள் அமைதல் வேண்டும். நான்காம் நிரைக்குரிய சொற்களைக் கெங்கவல்லி போன்ற ஊர்களின் கிணற்றடிக்கே சென்று தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க களப்பணியாம். சேலத்தில் 1916இல் தொடங்கிய பணி சொல்லளவில் பெரிதும் வளர்ந்துள்ளது. குறியையும் தழுவும்பொழுதே அது நிறைவெய்தும்.