எருது விளையாடிப் பட்டவன்

பண்டைய மன்னர்களின் போர்களையும் கொடைகளையும் நம் பாடநூல்கள் விரித்துரைக்கின்றன. உழவு ஓய்ந்த நாள்களில் ஊரார் எவ்வாறு பொழுது போக்கினர் என்பதைக் கூறுவார் மிகச் சிலரே. அதனை அறிய விரும்பும் மாணவர்கள், சேலம் அரசு அருங்காட்சியகத்திலுள்ள ஒரு நடுகல்லின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும்.

ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முற்பட்டதென்று கருதப்படும் அக்கல்லில், எருதும் அதனோடு பொருதும் மனிதனும் செதுக்கப்பட்டுள்ளனர். எழுத்துகள் கூறும் செய்தி சுருக்கமானது. கோவுரிச் சங்கன் என்பான் கருவந்துறையில் எருது விளையாடிப் பட்டான். அவன் மகன் பெரியபயல் இக்கல்லை நட்டான். மன்னன் பெயர் இல்லை, மெய்க்கீர்த்தியும் இல்லை.

'பட்டான்' என்ற சொல்லைக் கவனியுங்கள். செங்கம், தருமபுரிப் பகுதிகளின் பழைய நடுகற்களில், ஆநிரை கவர்ந்தோரை எதிர்த்து மடிந்த வீரனுக்கு வழங்கிய சொல் அது. (எடுத்தனூரில் கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயும் கல்லில் இடம் பெற்றது.) போரில் இறந்தவனுக்குரிய சொல்லையும் கல்லையும் விளையாட்டில் இறந்தவனுக்கும் அளித்தனர் எனின், அதனை அவர்கள் வெறும் வேடிக்கையாக எண்ணவில்லை என்றே நான் கொள்கிறேன். முல்லைக்கலியில் ஏறு தழுவுதல் மணத்தோடு பிணைந்த வழக்கம். சங்கனோ மகனைப் பெற்ற பின்னும் களத்தில் இறங்கியவன்!

எங்கள் சேலம், நாமக்கல் வட்டாரத்து எருதாட்டம் மதுரைப் பக்கத்துச் சல்லிக்கட்டினின்று வேறானது. பொங்கலை ஒட்டிய நாள்களில் காளைக்கு வடம் பூட்டி, இருபுறமும் பலர் பற்றிக்கொண்டு, கோயிலைச் சுற்றி ஓட்டுவர். வாழப்பாடிப் பக்கத்தில் வங்காநரியைப் பிடித்து வந்து ஓடவிடும் வழக்கமும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கிறது. அதற்காக வருந்துகிறவன் நான் அல்லன்.

சல்லிக்கட்டை உச்சநீதிமன்றம் 2014-இல் தடை செய்தது. 2017-இல் தமிழகச் சட்டமன்றம் இயற்றிய திருத்தச் சட்டத்தை அந்நீதிமன்றமே 2023-இல் ஏற்றது. சங்கனின் கல்லை மரபின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர், அது தவறன்று. எனினும் அக்கல், ஒரு வீடு தன் தலைவனை இழந்த செய்தியையும் அல்லவா சொல்கிறது? தந்தையை இழந்த மகன் கல்லைத் தேடி, தச்சனை அமர்த்தி, எழுத்துப் பொறிக்கச் செய்திருக்கிறான். தந்தையைக் கொன்ற எருதின் உருவத்தை அவன் விலக்கச் சொல்லவில்லை.