விளையாட்டு சர்வருக்கு எது இலேசான லினக்ஸ்?

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியை விளையாட்டு சர்வராக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது ஆகச் சிறிய லினக்ஸை. முப்பதாண்டு வரலாறு அந்தத் தேடலுக்குச் சாதகமாக இல்லை. 1993-இல் வந்த டூம் விளையாட்டில் தனி சர்வர் கிடையாது. ஆடுகிறவர்களின் கணினிகளே ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. 1996-இல் டூமை உருவாக்கிய அதே ஐடி சாப்ட்வேர் வெளியிட்ட குவேக் வேலையைப் பிரித்தது. யார் எங்கே நிற்கிறார், குண்டு யார் மேல் பட்டது என்ற கணக்கு சர்வருக்கு; படம் வரைவது ஆடுபவரின் கணினிக்கு. படமே வரையாத கணினிக்கு கிராபிக்ஸ் கார்டு எதற்கு, டெஸ்க்டாப்தான் எதற்கு? திரையில்லாமல் ஓடிப் பழகிய லினக்ஸுக்கு ஏற்ற வேலை இது. ஆக, சுமை குறைந்தது டெஸ்க்டாப்பைக் கழற்றியதால். டிஸ்ட்ரோ சிறுத்ததால் அல்ல.

டிஸ்ட்ரோவைச் சிறுக்க வைப்பது வேறொரு கலை. டேம் ஸ்மால் லினக்ஸ் 50 மெகாபைட்டுக்குள் டெஸ்க்டாப்பையே அடக்கிக் காட்டியது. பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் நம்பும் சி நூலகமான ஜிலிப்சியில் ஆல்பைன் ஓடுவதில்லை; 2014 முதல் மசல் என்ற சிறிய சி நூலகத்தில் ஓடுகிறது. வம்பு அங்கேதான். ஸ்டீம் விளையாட்டுகளின் சர்வர்களை இறக்கி நிறுவ வால்வ் தரும் ஸ்டீம்சிஎம்டி ஜிலிப்சியை நம்பியது, அதுவும் 32-பிட்டில். ஆல்பைனில் இயக்கினால், கோப்பு கண்ணெதிரே இருக்க, அப்படியொரு கோப்பே இல்லை என்று ஷெல் சாதிக்கும். உண்மையில் இல்லாதது அதை நினைவகத்தில் ஏற்றும் லோடர். 2019 ஜூனில் உபுண்டு 32-பிட் தொகுப்புகளைக் கைவிடப்போவதாக அறிவித்ததும், இனி வரும் உபுண்டு பதிப்புகளுக்கு ஸ்டீம் ஆதரவு இருக்காது என்று வால்வ் தரப்பில் சொன்னார்கள். சில நாட்களிலேயே உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் இறங்கி வந்தது. எந்த டிஸ்ட்ரோ என்பதை முடிவுசெய்வது விளையாட்டுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ராம் குறைந்த கணினியில் ஒவ்வொரு மெகாபைட்டும் முக்கியம் என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஜிலிப்சியில் ஓடும், டெஸ்க்டாப் இல்லாத டெபியனை விட்டு ஆல்பைனுக்குப் போவதால் மிச்சமாவது சில பத்து மெகாபைட். மைன்கிராஃப்ட் சர்வரோ ஜிபி கணக்கில் கேட்கும். ஜிலிப்சிக்கான இசைவு அடுக்கைச் சேர்த்தால் ஆல்பைனிலும் ஸ்டீம்சிஎம்டியை ஓட்டிவிடலாம் என்பது இன்னொரு வாதம். முயலலாம், ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அந்த ஒட்டுவேலையைக் காவல் காக்க வேண்டும். அதற்கு இலேசு என்று பெயரில்லை.

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு மட்டும் போதுமென்றால், அதன் சர்வர் ஜாவாவில் ஓடுவதால் ஆல்பைன் தாராளமாகப் போதும். ஸ்டீம் விளையாட்டென்றால் டெஸ்க்டாப் இல்லாமல் டெபியனை நிறுவுங்கள். கணினி 64-பிட்டா என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள்: 2025-இல் வந்த டெபியன் 13-க்கு 32-பிட் பிசி நிறுவி கிடையாது.