இரண்டாம் செவ்வாய்

1990களின் நடுவில் விண்டோஸ் கணினிக்கான திருத்தங்கள் பெரும்பாலும் ஃபிளாப்பியிலோ சிடியிலோதான் கைமாறின. விண்டோஸ் 98இல் ‘விண்டோஸ் அப்டேட்’ ஸ்டார்ட் மெனுவிலேயே இடம்பிடித்தது. ஆனால் அதைச் சொடுக்குவதும் விடுவதும் பயனர் விருப்பம், பலர் விட்டுவிட்டார்கள். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற கணினிப் புழு பரவியது. திரையில் ஒரு பெட்டி தோன்றி 60 நொடிகளை இறங்குமுகமாக எண்ணும். முடிந்ததும் கணினி அணைந்து மீண்டும் எழும். அதைத் தடுக்கும் திருத்தம் ஜூலையிலேயே வெளிவந்திருந்தது என்பதுதான் கொடுமை. அந்த அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையும் திருத்தங்களுக்கான நாளானது. 2004இல் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 ஃபயர்வாலைத் தானாகவே இயக்கி, தானியங்கிப் புதுப்பிப்பையும் வற்புறுத்தியது. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 ஹோம் பதிப்பு, மறுக்கும் வாய்ப்பையே ஏறக்குறைய எடுத்துவிட்டது. வேலைக்கு நடுவே கணினி மறுதொடக்கம் ஆகாதபடி, பயன்படுத்தும் நேரத்தைப் பயனரே குறித்துவைக்கும் வசதி 2016இல் சேர்ந்தது.