கிலோமீட்டருக்கு 40,000 ரூபாய்

மகளுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. மணிப்பூரின் 'மக்கள் சாலை' என்ற தலைப்பை அவளேதான் எடுத்துக்கொண்டாள். குவாஹாட்டியில் வளர்கிற பெண். குறிப்பு எழுதிக்கொண்டே, "அப்பா, 40 லட்சத்தை 100 கிலோமீட்டரால வகுத்தா எவ்வளவு?" என்றாள். பேங்க்காரனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். 40,000 என்றேன்.

"கிலோமீட்டருக்கு 40,000 ரூபாதானா? அப்போ கவர்மெண்ட் மட்டும் ஏன் கோடி கோடியா கேக்குது?"

வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டேன். ஆனால் கேள்வி இரண்டு மூன்று நாளாக விடவில்லை. தேடிப் படித்ததையும், எனக்குத் தோன்றிய பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன். நம் பிள்ளைகள் யாராவது நாளைக்கு உங்களிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மணிப்பூரின் மேற்கு ஓரத்தில் தாமெங்லாங் மாவட்டம். அதில் தௌசெம் என்று ஓர் உட்கோட்டம். 2012-ல் அங்கே சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர் ஆர்ம்ஸ்ட்ராங் பாமே. அந்த மண்ணின் பிள்ளை. ஜெமே நாகர்களில் முதல் ஐ.ஏ.எஸ். அதிகாரி. உட்கோட்டத்தின் 31 கிராமங்களுக்கும் நடந்தே போனார். எளிமையைக் காட்டுவதற்காக அல்ல, நடப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. நோயாளியை மூங்கிலில் கட்டிய படுக்கையில் கிடத்தி, தோள் மாற்றித் தோள் மாற்றி, மணிக்கணக்காக மலை ஏறி இறங்க வேண்டும். விளைந்த ஆரஞ்சு சந்தைக்குப் போகாமல் தோட்டத்திலேயே அழுகும். அந்த வருஷம் டைபாய்டும் மலேரியாவும் பரவியபோது ஊர் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

இந்தச் சாலைக்காக 1982-லேயே மத்திய அரசு 101 கோடி ரூபாய் ஒதுக்கியது என்று அப்போதைய செய்திகள் சொல்லின. 30 வருஷம் கழித்தும் சாலை மட்டும் வரவில்லை.

2012 ஆகஸ்டில் பாமே ஃபேஸ்புக்கில் உதவி கேட்டார். தன் 5 மாதச் சம்பளத்தைப் போட்டார். டெல்லி பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த அண்ணன் 1 லட்சம் கொடுத்தார். அப்பாவின் ஒரு மாத பென்ஷன் 5,000 ரூபாயை அம்மா எடுத்துக் கொடுத்தார். உள்ளூரிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தது எல்லாம் சேர்ந்து சுமார் 40 லட்சம். புல்டோசரையும் மண் தோண்டும் இயந்திரத்தையும் உள்ளூர்க்காரர்கள் கொடுத்து உதவினார்கள். கிராமத்து ஜனங்கள் கத்தியும் மண்வெட்டியுமாக இறங்கினார்கள். அஸ்ஸாமையும் நாகாலாந்தையும் மணிப்பூரோடு இணைக்கும் அந்த 100 கிலோமீட்டர் பாதை 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

சரி, கணக்குக்கு வருவோம்.

அந்த 40 லட்சம் என்பது ரொக்கப் புத்தகத்தில் ஏறியது மட்டும்தான். வாடகை வாங்காத புல்டோசருக்கு வவுச்சர் கிடையாது. கூலி வாங்காத ஆளுக்கு மஸ்டர் ரோலில் பெயர் கிடையாது. ஒரு நாள் வேலைக்குப் போனவர் அன்றைக்குத் தன் வயலில் விட்ட வேலையை எந்தப் பக்கத்தில் பற்று எழுதுவது? இதையெல்லாம் விட்டுவிட்டு 100-ஆல் வகுத்தால் 40,000 வரத்தான் செய்யும். அதோடு, வெட்டியது மண் பாதை. ஜீப் போகும். தார் போட்டு, பாலமும் கல்வெர்ட்டும் கட்டிய சாலையோடு அதை ஒரே தராசில் வைக்க முடியாது.

இதுவரை வணிகவியல் படித்த யாரும் சொல்லிவிடுவார்கள். அந்தக் கூலியில்லா உழைப்புக்கு அதே மலையில் ஒரு பழைய கதை உண்டு என்பதுதான் எனக்குப் புதிதாகத் தெரிந்தது.

மணிப்பூரில் 'பொத்தாங்' என்று ஒரு முறை இருந்தது. அதிகாரி சுற்றுப்பயணம் வந்தால் அவர் மூட்டை முடிச்சுகளை ஊர்க்காரர்கள் கூலியில்லாமல் அடுத்த ஊர் வரைக்கும் சுமக்க வேண்டும். இம்பால் பள்ளத்தாக்கில் இதை 1913-ல் ஒழித்தார்கள். மலையில் சுமைக் கட்டாயம் தொடர்ந்தது. முதல் உலகப் போருக்கு பிரான்ஸில் வேலை செய்ய மலைகளிலிருந்து ஆள் கேட்டபோது குக்கி மக்கள் மறுத்தார்கள். அது 1917 முதல் 1919 வரை சண்டையாகவே நடந்தது. அடக்கிய பிறகு பிரிட்டிஷார் மலைப்பகுதியை உட்கோட்டங்களாகப் பிரித்தார்கள். தாமெங்லாங் ஒன்றின் தலைமையிடம் ஆனது. மலைக்குள் நிர்வாகம் போக வேண்டுமானால் பாதை வேண்டும், பாதை வெட்ட ஆள் வேண்டும். தோற்றவர்களையே வெட்ட வைத்தார்கள்.

தாமெங்லாங் பகுதியில் அடுத்து எழுந்தவர் ஜாதோனாங். அவரை 1931 ஆகஸ்ட் 29 அன்று இம்பாலில் தூக்கிலிட்டார்கள். இயக்கத்தைக் கையில் எடுத்தவர் அவருடைய உறவுக்காரப் பெண், ராணி கைடின்லியு. வரி கட்டாதீர்கள், வெள்ளைக்காரனுக்கு வேலை செய்யாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். 1932 அக்டோபரில் பிடிபட்டபோது அவருக்கு 17 வயது. ஆயுள் தண்டனை. 1937-ல் ஷில்லாங் சிறையில் நேரு அவரைப் பார்த்தார். வெளியே வர 1947 ஆனது. அவர் பிறந்த ஊர் இன்றைய தௌசெம் உட்கோட்டத்தில்தான் இருக்கிறது. 1982-ல், அதாவது அந்த 101 கோடி ஒதுக்கப்பட்டதாகச் சொன்ன அதே வருஷம், அவருக்குப் பத்ம பூஷண் கொடுத்தார்கள். விருது வந்து சேர்ந்தது. சாலை வரவில்லை. அவர் 1993 பிப்ரவரியில் காலமானார். சரியாக 20 வருஷம் கழித்து, இன்னொரு பிப்ரவரியில்தான் மக்கள் சாலை திறந்தது.

யோசித்துப் பாருங்கள். சும்மா வேலை செய்ய மாட்டோம் என்று சிறைக்குப் போன ஊர் அது. அந்த ஊரின் பேரப்பிள்ளைகள் 2012-ல் சும்மா வேலை செய்தார்கள். முரண்பாடு மாதிரித் தெரியும், ஆனால் இல்லை. அன்றைக்கு மாட்டேன் என்றால் தண்டனை. பாமே கேட்டபோது யாரும் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் பாதை வெட்டியவன் வேறொருவன் சுமையை ஏற்றுவதற்கு வெட்டினான். இவர்கள் தங்கள் நோயாளியை ஏற்றுவதற்கு வெட்டினார்கள்.

நமக்கும் இது தெரியாத விஷயமில்லை. குடிமராமத்து என்று பெருமையாகச் சொல்கிறோம். ஏரிக்கரையை ஊரே கூடிச் செப்பனிட்ட வழக்கம் உண்மைதான். ஆனால் அதே வழக்கத்தை 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமாக்கினார்கள். வேலைக்கு வராதவர், அந்த வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். மண் சுமந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம் இருந்தது என்பது வேறு கேள்வி. 'ஊரே சேர்ந்து செய்தது' என்று யார் சொன்னாலும், மாட்டேன் என்று சொல்ல முடிந்ததா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. மலைப்பாதைக்கு வண்டியைவிடப் பெரிய எதிரி தண்ணீர். சரிவை வெட்டிப் பாதை எடுக்கும்போது மேல்பக்க மண்ணின் பிடிமானம் போய்விடுகிறது. மழையில் அது இறங்கிப் பாதையை மூடும். சக்கரம் பதிந்த தடத்தில் தண்ணீர் ஓடினால் இரண்டு மழைக்காலத்தில் தடமே ஓடையாகிவிடும். உள்பக்கம் வடிகால் வெட்டி, அங்கங்கே குறுக்கே திருப்பி, தண்ணீரைப் பள்ளத்தில் இறக்கிவிட வேண்டும். வெட்டுவது ஒரு தடவை. இந்த வேலை வருஷா வருஷம். அந்த மலைகளின் மழை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடகிழக்கில் ஒரு ஜூன் மாதம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு தடவை உற்சாகத்தில் புல்டோசர் கொடுக்கலாம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இனாமாகக் கொடு என்று ஒருவரிடம் கேட்க முடியுமா? இயந்திரத்துக்குத் தேய்மானம் உண்டு. மனுஷனுக்கும் உண்டு. செப்பனிடுவதற்கு ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டில் ஒரு தொகை எழுத வேண்டும். அதை எழுத வேண்டியது அரசாங்கம். ஜனங்கள் ஒரு தடவை தாங்களே செய்துவிட்டார்கள் என்பதற்காக அந்தக் கடன் தீர்ந்ததாக ஆகாது. வேறொருவர் தவணை கட்டினார் என்பதற்காகக் கடன்காரரின் பெயரை நாங்கள் கணக்கிலிருந்து எடுப்பதில்லையே!

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். பாதியிலேயே கொட்டாவி விட்டாள் (பேச்சுக்கு மொத்தம் 3 நிமிஷம்தானாம்). கடைசியில், "அப்போ அந்த 40,000-த்தை அடிச்சிடட்டுமா?" என்றாள்.

வேண்டாம், அது இருக்கட்டும் என்றேன். பக்கத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். பென்சிலில் எழுதிக்கொண்டாள்: 'இதில் கூலி சேரவில்லை.'