பழைய பிக்கப்பும் ஸ்டியரிங் ஆட்டமும்

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். டயரை உதைத்துப் பார்க்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்க்கிறவர் அபூர்வம். நம் வயதுக்காரர்கள் பலர் ஓய்வு பெறும்போது வந்த தொகையில் பிள்ளைக்கோ மருமகனுக்கோ இப்படி ஒரு வண்டி எடுத்துக் கொடுக்கிறார்கள். என்ஜின் நின்றால் வண்டி ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். ஸ்டியரிங் விட்டுப்போனால் அப்படியில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன். நான் மெக்கானிக் இல்லை. ஒரு அலுவலகத்தில் வண்டிகளின் கோப்பைப் பல வருடம் பார்த்தவன், அவ்வளவே. ப்ரெவே வரை பிரெஞ்சில் படித்ததால் இந்தக் கதையில் வரும் சில பிரெஞ்சுக்காரர்களைப் படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது.

முதலில் ஒரு வார்த்தை. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் சக்கரம் உடனே திரும்பாமல் கொஞ்சம் சும்மா சுற்றுகிறதே, அதை ஒர்க் ஷாப்பில் 'ப்ளே' என்பார்கள். பிரெஞ்சில் அதற்கு 'ழெ' என்று பெயர். இரண்டு சொல்லுக்கும் விளையாட்டு என்று பொருள். தமிழில் நம் ஆட்கள் யாரையும் கேட்காமலே 'ஆட்டம்' என்றார்கள், அதற்கும் விளையாட்டு என்ற அர்த்தம் உண்டு. மூன்று மொழிக்காரர்களுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. இன்னொன்று: பிரெஞ்சில் ஸ்டியரிங்குக்கு 'திரெக்சியோன்' என்பார்கள். நிர்வாகத் தலைமைக்கும் அதே சொல்தான். முப்பது வருடத்துக்கு மேல் அரசு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டிலும் ஆட்டம் உண்டு.

கட்டை வண்டிக்கு ஸ்டியரிங் தொல்லை கிடையாது. இரண்டு சக்கரம், ஒரு அச்சு. மூக்கணாங்கயிற்றை இழுத்தால் மாடு திரும்பும், மாட்டோடு வண்டி திரும்பும். மாடோ குதிரையோ இல்லாமல் தானே ஓடும் சுமை வண்டி வந்தபோதுதான் தொல்லையும் கூடவே வந்தது. அந்த முதல் வண்டியைச் செய்தவர் நிக்கோலா ழோசெஃப் க்யூஞோ என்ற பிரெஞ்சு இராணுவப் பொறியாளர். ஆண்டு 1769. நம்மூரில் லோ தெ லோரிஸ்தோன் ஆளுநராக இருந்து, ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய நகரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

க்யூஞோவின் வண்டிக்கு 'ஃபார்தியே' என்று பெயர். பீரங்கி இழுப்பதற்காகச் செய்த நீராவி வண்டி. ஆட்கள் ஏறி ஊர் சுற்றுவதற்கு அல்ல, சுமைக்கு. ஆக, உலகத்தின் முதல் மோட்டார் வாகனமே ஒரு லாரிதான். முன்னால் ஒரே ஒரு சக்கரம். அந்தச் சக்கரத்தைத்தான் நீராவி ஓட்டும், அதுதான் திரும்பவும் வேண்டும். போதாததற்குப் பெரிய செம்புக் கொப்பரையை அதற்கும் முன்னால் தொங்கவிட்டிருந்தார். திருப்பும்போது கொப்பரையும் சேர்ந்தே திரும்பும். அந்தப் பாரத்தோடு அதைத் திருப்ப எத்தனை கைவலு வேண்டியிருக்கும்! வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர், நாம் நடக்கிற வேகம். அப்படியும் அது கட்டுக்கு அடங்காமல் ஒரு சுவரை இடித்துத் தள்ளியதாகப் பிரான்சில் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, 1770-இல் செய்த இரண்டாவது வண்டி பாரிஸில் கலை, கைத்தொழில் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. மூக்குப் பாரத்தைப் பார்த்தாலே ஸ்டியரிங்கின் கஷ்டம் புரியும்.

நம்மூர் 'புஷ்-புஷ்' வண்டியைப் பழைய போட்டோக்களில் பார்த்திருப்பீர்கள். தள்ளுகிற ஆள் பின்னால். திருப்புகிற கம்பி மட்டும் சொகுசாக உட்கார்ந்திருக்கும் துரையின் கையில். ஸ்டியரிங்கை வேறு யாரையும் நம்பி விடக்கூடாது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

நான்கு சக்கர வண்டிக்கு வேறு ஒரு சிக்கல். பழைய குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவில் ஒரு முளையில் சுற்றும். நன்றாகத் திருப்பினால் முன் சக்கரங்கள் இரண்டும் வண்டிக்கு அடியில் போய்விடும், வண்டி சாய்ந்துவிடும். அச்சை அசைக்காமல் சக்கரங்களை மட்டும் தனித்தனி முளையில் திருப்பினால் என்ன என்று முனிச் நகரத்து வண்டி செய்பவர் லாங்கன்ஸ்பெர்கர் யோசித்தார். அவருக்காக 1818-இல் இலண்டனில் காப்புரிமை வாங்கிக் கொடுத்தவர் அக்கர்மன். படமும் புத்தகமும் வெளியிட்டு விற்றவர். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த அமைப்புக்கு அக்கர்மன் பெயர்தான். கோப்பில் கையெழுத்துப் போட்டவர் பெயர்தான் நிற்கும் என்பது எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு ஆச்சரியமில்லை. அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கிலாந்தில் ஒரு வைத்தியர் இதே யோசனையைத் தன் வண்டியில் செய்து பார்த்திருக்கிறார். பெயர் இராஸ்மஸ் டார்வின், பரிணாமக் கொள்கை சொன்ன டார்வினின் தாத்தா.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வண்டி வளைவில் போகும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடும், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடும். கோயில் தேர் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள், முட்டுக்கட்டை போடுகிறவர் படும் பாடு அதனால்தான். ஆகவே இரண்டு முன் சக்கரமும் ஒரே அளவு திரும்பக் கூடாது. உள்சக்கரம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இதைக் கோடு போட்டுக் காட்டியவர் பாரிஸ் வண்டி செய்பவர் ஷார்ல் ழாந்தோ, 1878-இல். சக்கரத்தைத் திருப்பும் கைகள் இரண்டையும் பின்னோக்கி நீட்டினால் அவை பின் அச்சின் நடுவில் சந்திக்க வேண்டும் என்பது அவர் வரைபடம். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அக்கர்மனைச் சொல்லமாட்டார்கள், 'எப்யூர் தெ ழாந்தோ' என்பார்கள்.

அவருக்கும் முன்னால் லெ மான் ஊரில் கோயில் மணி வார்க்கும் குடும்பத்தில் வந்த அமெதே பொல்லே, 1873-இல் பன்னிரண்டு பேர் ஏறும் நீராவி வண்டி ஒன்றைச் செய்தார். முன் சக்கரங்கள் தனித்தனியாகத் திரும்பும். 1875-இல் அதை லெ மானிலிருந்து பாரிஸுக்கு 18 மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு போனார். அந்த வண்டிக்கு அவர் வைத்த பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்: 'லொபெயிசாந்த்', சொன்னபடி கேட்பவள். நீராவி சக்தியையோ வேகத்தையோ அவர் பெயராக வைக்கவில்லை. திருப்பினால் திரும்புகிறாளே, அதுவே அப்போது பெரிய விஷயம். வட்டமான ஸ்டியரிங் சக்கரம் பரவலானது அதற்கும் பிறகுதான். 1894 பாரிஸ்-ரூவான் ஓட்டத்தில் வஷரோன் என்பவர் தன் பனார் வண்டியில் அதைப் பொருத்தியிருந்தார். மற்றவர்களில் பலர் படகுச் சுக்கான் போன்ற கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்கள்.

இனி பிக்கப். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி மாடல் டி காருக்குப் பின்னால் சுமைத் தொட்டியையும் தொழிற்சாலையிலேயே கட்டி விற்க ஆரம்பித்தது 1925-இல். விலை 281 டாலர். அதே 1925-இல் பாரிஸ் பொறியாளர் சங்கத்தில் புரூலியே என்பவர் ஒரு கட்டுரை படித்தார். ஸ்டியரிங் ஆட்டத்தைப் பற்றிய கட்டுரை! அப்போது காற்றழுத்தம் குறைந்த மெத்தென்ற டயர்களும் முன் பிரேக்கும் புதிதாக வந்திருந்தன. குறிப்பிட்ட வேகத்தில் முன் சக்கரம் இரண்டும் திடீரென்று படபடவென்று அடித்துக்கொள்ளும், ஓட்டுநரால் ஸ்டியரிங்கைப் பிடித்து வைக்க முடியாது. இதற்கு 'ஷிம்மி' என்று பெயர். அன்றைக்குப் பிரபலமாக இருந்த ஒரு நடனத்தின் பெயர் அது. புரூலியே இன்னொரு சொல்லும் சொன்னார், 'தாந்தினமான்', அதாவது வாத்து நடை. நம் 'ஆட்டம்' இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்.

ஏன் அப்படி ஆடுகிறது? முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் மாட்டியிருக்கின்றன. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு சாய்கிறது. சுற்றும் சக்கரம் பம்பரம் மாதிரி. சுற்றுகிற பம்பரத்தைச் சாய்த்தால் அது வேறு பக்கம் திரும்பப் பார்க்கும். அந்தத் திருப்பம் கம்பி வழியாக மறு சக்கரத்துக்குப் போகிறது, அதிலிருந்து திரும்ப வருகிறது. இணைப்புகளில் ஆட்டம் இல்லாவிட்டால் இது அடங்கிவிடும். ஆட்டம் இருந்தால் வளர்ந்துகொண்டே போகும். கார்களில் இதற்கு 1934 வாக்கில் அமெரிக்காவிலேயே ஒரு வழி கண்டார்கள், இரண்டு முன் சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங். சுமை வண்டிக்காரர்கள் மட்டும் ஒரே அச்சையும் பட்டை ஸ்பிரிங்கையும் விடவில்லை. பாரம் தாங்கும், செலவு குறைவு. அதனால் கார்களை விட்டுப்போன வியாதி ஜீப்புகளிலும் லாரிகளிலும் தங்கிவிட்டது.

இந்தியாவில் இதை நன்றாக அறிந்தது வில்லிஸ் ஜீப் மூலமாகத்தான். மஹிந்திரா இங்கே பூட்டி விற்ற பழைய மாதிரிகளில் முன்பக்கம் நடுவில் 'பெல் கிராங்க்' என்று ஒரு முக்கோண இரும்பு இருக்கும். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் கம்பி அதைத் தள்ளும், அது இரண்டு டை ராடுகளை இரண்டு சக்கரத்துக்குத் தள்ளும். அதன் நடு முளையில் இருக்கும் புஷ் தேய்ந்தால் போதும், இரண்டு சக்கரமும் தன்னிஷ்டத்துக்கு ஆடும். கிரீஸ் வைக்க மறந்த வண்டியில் அது சீக்கிரமே தேயும்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அப்படி ஒரு ஜீப் இருந்தது. டிரைவர் அண்ணன் லாக் புத்தகத்தில் "ஸ்டியரிங் ஆட்டம் அதிகம்" என்று எழுதி வைப்பார். நான் குறிப்பு எழுதி மேலே அனுப்புவேன். மூன்று முறை அனுப்பினேன். "இந்த நிதியாண்டில் ஒதுக்கீடு இல்லை" என்று இரண்டு முறை திரும்பி வந்தது, மூன்றாவது முறை கோப்பே வரவில்லை. ஒரு நாள் ஏரிக்கரை வளைவில் டை ராட் முனை கழன்று, ஜீப் கரையிலிருந்து நெல் வயலில் இறங்கிவிட்டது. அண்ணனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு, கூட வந்த பியூனுக்கு நெற்றியில் தையல். அறுவடை முடிந்திருந்ததாலும் வயலில் ஆள் யாரும் இல்லாததாலும் அத்தோடு போயிற்று. பிறகு அந்த ஜீப்பைக் கண்டம் செய்து ஏலம் விட்டோம். ஏலக் குறிப்பில் "ஓடும் நிலையில் உள்ளது" என்று எழுதச் சொன்னார்கள். கோப்பில் கிடந்த என் மூன்று குறிப்புகளையும் சேர்த்து இணைத்தே அனுப்பினேன். ஏலம் எடுத்தவர் அவற்றைக் கேட்டுப் படிக்கவில்லை. பின்பக்கத்தை வெட்டித் தொட்டி கட்டி விறகு ஏற்றினார். அந்த வண்டியை எதிரில் கண்டால் நான் சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாக நின்றுகொள்வேன்.

அந்த அனுபவத்திலும் பிறகு ஒர்க் ஷாப்புகளில் உட்கார்ந்து கேட்டதிலும் தெரிந்துகொண்டது இதுதான். பழைய பிக்கப்பில் தேயும் ஒவ்வொரு பாகமும், மேலே சொன்ன யாரோ ஒருவர் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தது. கிங் பின் தேய்ந்தால் லாங்கன்ஸ்பெர்கரின் முளை போயிற்று. டை ராட் வளைந்தால் ழாந்தோவின் கோடு போயிற்று. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக க்யூஞோ காலத்துக்குத் திரும்பிப் போகிறது, ஆனால் மணிக்கு 4 கிலோமீட்டரில் அல்ல, எண்பதில்.

பார்க்கும் விதம் சுலபம். ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையவில்லையோ, ஆட்டம் அங்கேதான். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கிங் பின்னும் வீல் பேரிங்கும் தெரியும். டயரின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே, பிறகு உள்ளிருந்து வெளியே தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் இருந்தால் சக்கரங்கள் நேராக நிற்கவில்லை.

ஒரு தந்திரம் சொல்கிறேன், கவனியுங்கள். ஸ்டியரிங் பாக்ஸின் மேல் ஒரு ஸ்க்ரூ இருக்கும். விற்கிறவர் சிலர் அதை இறுக்கி ஆட்டத்தை மறைத்துவிடுவார்கள். கையில் பிடித்தால் புது வண்டி மாதிரி இருக்கும். ஆனால் வளைவில் திருப்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, பிடித்துத் திருப்ப வேண்டியிருக்கும். அப்படியானால் வாங்காதீர்கள்.

பவர் ஸ்டியரிங் வண்டி என்றால் ஆட்டம் இருந்தாலும் கைக்குத் தெரியாது, அது இன்னொரு மறைப்பு. இந்தப் பவர் ஸ்டியரிங்கும் லாரியிலிருந்து வந்ததுதான். பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் இருந்த பிரான்சிஸ் டேவிஸ், கனத்த லாரியைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டைப் பார்த்து 1926-இல் செய்து காட்டினார். விற்பனைக் கார்களில் அது வந்தது 1951-இல். பழைய வண்டியில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பிப் பிடித்தால் பெல்ட் விடாமல் கிறீச்சிடுகிறதா, எண்ணெய் எங்காவது கசிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரத்தையும் சொல்ல வேண்டும். பின் அச்சுக்கும் பின்னால் தள்ளிப் பாரம் ஏற்றினால் மூக்கு தூக்கும், முன் டயர் தரையை அழுத்தாது. ஸ்டியரிங் லேசாக இருக்கிறது என்று ஓட்டுகிற பிள்ளை சந்தோஷப்படுவான். பாரம் ஏற்றிப் பழகிய வண்டியில் ஸ்பிரிங் பட்டை உடைந்தோ, அதை நடுவில் பிடித்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்தோ இருக்கலாம். அப்போது வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். எல்லோரும் நேரே அலைன்மென்ட் கடைக்கு ஓடுவார்கள். அலைன்மென்ட் கடைசி வேலை. பட்டை, புஷ், கிங் பின், டை ராட் முனை, இவற்றை மாற்றிய பிறகு போங்கள். முன்னால் போனால் அந்த ரசீதுக்கு ஒரு வாரம்கூட ஆயுள் இருக்காது.